விளக்கு வளையமும் வாய்மையும்

அறம் பற்றிய வினாக்கள் அரசவையிலும் போர்க்களத்திலும் நீதிமன்றத்திலும் மட்டுமே எழுவன என்று கருதுவோர் உளர். காப்பியங்களும் வரலாறுகளும் அத்தகைய இடங்களையே பெரிதும் பேசுவதால் அவ்வெண்ணம் வேரூன்றியிருக்கலாம். ஆயினும் அறத்தின் வினா, உழைக்கும் மனிதனின் இரு கைகளுக்கிடையேயும் வந்து நிற்பதுண்டு. பழைய மகிழுந்து ஒன்றின் முகப்பு விளக்கைச் சுற்றியிருக்கும் பளபளப்பான வளையத்தைக் கழற்றத்தான் வேண்டுமா? கழற்றுவதாயின் எவ்வாறு கழற்றுவது? கழற்றியபின் உள்ளே கண்டதை என்ன செய்வது? கேட்ட அளவில் இவை மூன்றும் பட்டறை வினாக்களாகவே தோன்றும். சற்றே ஆழ்ந்து நோக்கினால், மூன்றும் வாய்மையைப் பற்றிய வினாக்கள் என்பது புலனாகும்.

பட்டறையில் ஒரு காலை

பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள சிறிய பட்டறையைக் கருதுக. அங்கே ஒரு முதியவர். அவரிடம் தொழில் பழகும் இளைஞன் ஒருவன். நடுத்தர வயதினர் ஒருவர் மோரிஸ் மைனர் வண்டியொன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அது அவருடைய தந்தையார் ஓட்டியது. தந்தையார் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தம் ஓய்வுக்குப் பின்னும் நெடுங்காலம் அவ்வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவர். அவர் மறைந்துவிட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்தை முன்னிட்டு மகன் அதனை விற்க முனைகிறார். வாங்க விரும்புபவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே, விளக்கு வளையங்கள் இரண்டையும் துலக்கித் தரவேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள்.

மோரிஸ் மைனர் எளிய வண்டியன்று. வரலாறு உடைய வண்டி. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது அது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பத்து இலட்சத்தைக் கடந்த முதல் பிரிட்டிஷ் மகிழுந்து என்னும் பெருமையும் அதற்கு உண்டு. மலாயாவின் சாலைகளிலும் அது ஓடியது. அதன் உருண்டை முகத்தையும் இரு கண்களையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்றும் பலர்.

இளைஞன் திருப்புளியை எடுத்துக்கொண்டு வலப்புற வளையத்தின் மேற்புறத்தில் செருகி நெம்புகிறான். வளையம் அசையவில்லை. மேலும் அழுத்துகிறான். முதியவர் அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறார். “வராத இடத்தில் ஏன் இழுக்கிறாய்? அது எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று முதலில் பார்” என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் ஆராயத்தக்க செய்தி நிறைய உண்டு.

விசையும் அறிவும்

விளக்கு வளையம் எல்லா வண்டிகளிலும் ஒரே வகையாகப் பொருத்தப்படுவதில்லை. வோக்ஸ்வாகன் வண்டியில் வளையத்தின் அடியில் ஒரு திருகாணி இருக்கும். அதனைத் தளர்த்தாமல் வளையம் வாராது. 7 அங்குல விளக்குகளையுடைய பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் வளையத்தின் மேற்பகுதி ஒரு நாக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். அடிப்பகுதிதான் பிடிப்பிலிருந்து விடுபடும். அத்தகைய வளையத்தை மேலிருந்து நெம்புகிறவன் எவ்வளவு வலிமை உடையவனாயினும் தோற்பான். வளையமும் கோணும், வண்ணப்பூச்சும் பெயரும். கீழே ஒரு துணியை மடித்து வைத்து, அதன்மீது திருப்புளியை ஊன்றி மெல்ல விடுவித்தால், வளையம் தானே கைக்குள் வந்துவிடும்.

திருகாணி துருவேறி இறுகியிருப்பின் அங்கும் விசை பயன்படாது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆதலின் திருகாணியும் அதன் மரையும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. வன்மையாகத் திருகினால் திருகாணியின் தலை முறியும். துளி எண்ணெயை இட்டு, ஓர் இரவு காத்திருந்து, சற்றே தட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் அது வழிக்கு வரும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியின் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

இங்கே பொறுமை என்பது வெறும் காத்திருத்தல் அன்று. பொருளின் இயல்பை அறிந்து, அதற்கு இயைந்து நடத்தலே பொறுமை. வளையத்தை எங்கே பிடிக்கவேண்டும் என்று அறியாதவன் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தாலும் பயனில்லை. மாணவர் உள்ளத்தைத் திறக்க முனையும் ஆசிரியரும் இதனை அறிவர். ஒரு பிள்ளை உரத்த குரலுக்கு அஞ்சித் தன்னை மேலும் மூடிக்கொள்கிறான். அவனே ஒரு சிறு பாராட்டுக்குத் திறந்துவிடுகிறான். திறக்கும் இடம் ஒவ்வொருவருக்கும் வேறு. அதனைத் தேடிக் காண்பதும் அறத்தின் பகுதியே. ஏனெனில், அறியாமையோடு கூடிய விசை நன்மையை நாடிச் சென்றாலும் தீங்கையே விளைவிக்கிறது.

மினுக்கும் காப்பும்

வளையம் கழன்றது. அதனைக் கையில் எடுத்து முதியவர் இளைஞனுக்குக் காட்டுகிறார். கண்ணைப் பறிக்கும் வெண்மினுக்கு குரோமியத்தினுடையது. அந்தக் குரோமியப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதன் அடியில் நிக்கல் படலம் இருக்கிறது. அது பல மடங்கு தடித்தது. நீரும் காற்றும் உட்புகாமல் இரும்பைக் காப்பது பெரும்பாலும் நிக்கலே. எனினும் உலகம் வளையத்தைக் குரோமிய வளையம் என்றே அழைக்கிறது. காப்பது ஒன்று, பெயர் பெறுவது மற்றொன்று. குடும்பங்களிலும் பள்ளிகளிலும் சங்கங்களிலும் இந்நிலை காணப்படுவதை யாவரும் அறிவர்.

இதனால் மினுக்கை இகழ்தல் முறையாகாது. வளையம் வெறும் அணிகலன் அன்று. விளக்கின் விளிம்பை மூடி, மழைநீரும் புழுதியும் நேரே உட்புகாதவாறு அது தடுக்கிறது. ஆடை உடலை மறைப்பதோடு காக்கவும் செய்வதுபோல, வளையமும் மறைக்கிறது, காக்கவும் செய்கிறது. எனவே, மறைப்பு என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. பொய் எங்கே தொடங்குகிறது என்பதே ஆராயத்தக்கது.

உள்ளே கண்டது

வளையத்தின் அடியில் முதியவர் கண்டது இது. விளக்கின் பின்புறம் மட்காட்டின் உட்பகுதியை நோக்கி அமைந்திருப்பதால், சக்கரம் வாரியிறைக்கும் சேறு அங்கே போய் ஒட்டுகிறது; ஈரத்தைப் பல நாள் தேக்கி வைக்கிறது. அவ்வாறு தேங்கிய ஈரத்தால் தகரம் அரித்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. எவரோ, எப்பொழுதோ, அந்த ஓட்டையைப் பட்டியால் அடைத்து, மேலே வண்ணம் பூசி, வளையத்தை மாட்டி மூடியிருக்கிறார்கள். விளக்கைத் தாங்கும் கிண்ணமும் நைந்துபோய், விளக்கு சற்று மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. ஒளியின் திசையைச் சரிசெய்யும் சிறு திருகாணிகளும் துருவில் புதைந்து கிடக்கின்றன.

முதியவர் உரிமையாளரை அழைத்துக் காட்டுகிறார். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “ஐயா, விளக்கு எரிகிறது அல்லவா? வளையத்தைத் துலக்கி மாட்டிவிடுங்கள். வாங்க வருபவர் வளையத்தைக் கழற்றியா பார்க்கப்போகிறார்?” என்கிறார்.

“கழற்றிப் பார்க்கமாட்டார், தம்பி. அதனால்தான் யோசிக்கிறேன்” என்று முதியவர் விடையிறுக்கிறார்.

மூன்று ஞாயங்கள்

உரிமையாளர் தீயவர் அல்லர். மகளின் படிப்புக்குப் பணம் வேண்டும். அதுவும் விரைவில் வேண்டும். அவர் தம் பக்கத்து ஞாயங்களைச் சொல்கிறார். அவை எளிதில் தள்ளத்தக்கவையும் அல்ல.

முதலாவது: “நான் பொய் எதுவும் சொல்லப்போவதில்லை. கேட்டால் மறைக்கவும்மாட்டேன். கேளாதபோது பேசாமல் இருப்பது எப்படிப் பொய்யாகும்?” உலக வழக்கில் இதற்குச் செல்வாக்கு மிகுதி. ஆயினும் மௌனம் எல்லா இடத்தும் ஒரே பொருள் தருவதில்லை. பிறர் தவறாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு கடைப்பிடிக்கும் மௌனம், வாய் திறவாமல் உரைக்கும் பொய்யே. இங்கோ மௌனம் மட்டும் இல்லை. துலக்கிய வளையமும் இருக்கிறது. அது வாங்குபவரை நோக்கி, ‘உள்ளே எல்லாம் நலம்’ என்று பேசிக்கொண்டே இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர் வாயால் எதுவும் சொல்வதில்லை, சோற்றைத்தான் பரப்புகிறார்.

இரண்டாவது: “பழைய வண்டி என்றால் துரு இருக்கும் என்று வாங்குபவருக்குத் தெரியாதா?” தெரியும். துரு இருக்கக்கூடும் என்பது பொது அறிவு. இந்த இடத்தில், இந்த அளவுக்கு, இந்த வகையில் இருக்கிறது என்பது தனி அறிவு. பொது அறிவைக் காட்டித் தனி அறிவை மறைப்பது சூழ்ச்சியாகும். மனிதர் யாவரும் நோயுறுவர் என்பது அனைவருக்கும் தெரியும் என்று சொல்லி, மருத்துவர் நோயாளியின் நோயைச் சொல்லாமல் விடலாமா?

மூன்றாவது ஞாயமே உருக்கமானது: “இந்தப் பட்டியை அடைத்தவன் நானல்லன். என் தந்தையாரோ, அவர் நம்பிய ஒருவரோ செய்த வேலை. செய்யாத குற்றத்துக்கு நான் ஏன் இழப்பை ஏற்கவேண்டும்?” இதற்கு விடை காண்பது கடினம். தந்தை விட்டுச்சென்ற வீட்டையும் நிலத்தையும் மகன் ஏற்கிறான், கடனையும் ஏற்கிறான். ஓட்டையை அடைத்து மூடியது முன்னவர் செயல். அதனை இன்று கண்டபின் மீண்டும் மூடுவதோ புதிய செயல். அதற்கு உரியவர் இன்று மூடுகிறவரே. நேற்றுவரை அந்த வளையம் அறியாமையின்மீது இருந்தது. நாளை மாட்டினால் அறிவின்மீது இருக்கும். வளையம் அதுவே, மினுக்கும் அதுவே, இருக்கும் இடமும் அதுவே. ஆயினும் நேற்று அது அணிகலன். நாளை அது பொய். பொய் தொடங்கும் இடம் இதுதான்.

முதியவரின் நிலையும் எளிதன்று. அவர் கூலிக்கு வேலை செய்பவர். வண்டி பிறருடையது. ‘சொன்னதைச் செய்தோம், விற்பவர் பாடு, வாங்குபவர் பாடு’ என்று அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால், வளையத்தை மாட்டும் கை அவருடைய கை. ஒருவருடைய பொருளுக்குப் பணிசெய்வது வேறு. அவருடைய பொய்க்குப் பணிசெய்வது வேறு. முன்னதற்குக் கூலி உண்டு. பின்னதற்குக் கூலி எவ்வளவு தந்தாலும் ஈடாகாது.

கழற்றாமலே இருந்திருக்கலாமா?

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. அறிந்தபின் மூடுவது பொய் என்றால், அறியாமலே இருப்பது நன்றல்லவா? வளையத்தைக் கழற்றாமல், மேலாகவே துலக்கி அனுப்பியிருந்தால் எவர் நெஞ்சும் சுடாதே! உலகில் பலர் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். கணக்கைப் பார்த்தால் பிழை தெரியும் என்று கணக்கைப் பாராதிருப்பர். மருத்துவரிடம் சென்றால் நோய் தெரியும் என்று செல்லாதிருப்பர். தேடிக்கொண்ட அறியாமை அறியாமை ஆகாது. எதைக் காண நேரும் என்று ஐயுற்றே கண்ணை மூடுகிறவன், பாதி கண்டவனே ஆவான்.

இதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. அது விளக்கின் இயல்பிலேயே அமைந்திருக்கிறது. விளக்கு ஒரு பாகை மேல்நோக்கிச் சாய்ந்தால், 50 மீட்டர் தொலைவில் அதன் ஒளி ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். சாலையில் விழவேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். வண்டியை ஓட்டுபவருக்கோ அது தெரியாது. மரக்கிளைகள்கூட ஒளிர்வதைக் கண்டு, தம் விளக்கு நன்றாகவே எரிகிறது என்று மகிழவும் கூடும். கூசுவது எதிரே மிதிவண்டியில் வரும் தொழிலாளியின் கண். தடுமாறுவது மோட்டார் சைக்கிளில் பிள்ளையை அமர்த்திவரும் தாயின் கை. பிழை ஒருவருடையது, துன்பம் மற்றொருவருடையது. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள்.

விளக்கைச் சரிசெய்யும் திருகாணிகள் வளையத்தின் அடியில்தான் இருக்கின்றன. வளையத்தைக் கழற்றாமல் அவற்றைத் தொட இயலாது. ஆகவே, வளையத்தைக் கழற்றுதல் தன் வண்டியின் அழகுக்காகச் செய்யும் வேலை மட்டும் அன்று. முகம் தெரியாத வழிப்போக்கருக்குச் செய்யும் கடமையும் ஆகும். மனிதரின் குறைகளும் இத்தகையனவே. தன் சொல்லின் கடுமை பேசுபவன் செவிக்குத் தெரிவதில்லை. கேட்பவன் நெஞ்சுக்குத் தெரிகிறது. தன் குறை தனக்குத் தெரியாது என்பதனாலேயே, அவ்வப்போது தன் மறைப்பைக் கழற்றிப் பார்க்கும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

பழுது நீக்கும் முறை

பழுதைக் கண்டபின் அதனை நீக்கும் முறையிலும் வாய்மை உண்டு. அரித்த பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டைப் பற்றவைக்கலாம், கிண்ணத்தை மாற்றலாம், புதிய வளையமே வாங்கிவிடலாம். அவ்வாறு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது தந்தையார் ஓட்டிய அதே வண்டியா? கிரேக்க வீரன் தீசியசின் கப்பலைப் பற்றி இத்தகைய வினாவை அறிஞர் எழுப்பியதாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். நைந்த பலகைகளை ஏதென்சு மக்கள் ஒவ்வொன்றாக மாற்றிவர, அது பழைய கப்பல்தானா என்று அவர்கள் வாதிட்டனர். 17ஆம் நூற்றாண்டில் தாமசு ஆபுசு அவ்வினாவை மேலும் கூர்மையாக்கினார்: கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து மற்றொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியசின் கப்பல்?

இவ்வினாவுக்கு முடிவான விடை இல்லாமற்போகலாம். ஆயினும் செயலுக்கு ஒரு நெறி உண்டு. வில்லியம் மோரிஸ் என்னும் ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமானவர் 1877ஆம் ஆண்டில் பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கம் ஒன்றை நிறுவினார். பழைய கட்டடத்தைச் சுரண்டிப் புதுப்பித்து, அதுவே பழைமை என்று காட்டுவதை அவர் கடிந்தார். அதே 1877இல்தான் மோரிஸ் மகிழுந்துத் தொழிலை நிறுவிய மற்றொரு வில்லியம் மோரிசும் பிறந்தார். முன்னவர் பெயரையே கொண்டவர் செய்வித்த வண்டிக்கு முன்னவர் நெறி பொருந்துவது இனிய இயைபாகும். 1964ஆம் ஆண்டின் வெனிசு சாசனமும் ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்கவேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பது இயைந்திருப்பினும் பழையதினின்று வேறுபடுத்தி அறியத்தக்கதாய் இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது.

இந்நெறிக்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மோரிஸ் மைனரே சான்று. உற்பத்திக்கு முன்பு, வண்டியின் அகலம் போதவில்லை என்று இசிகோனிசுக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நடுவே பிளந்து, பகுதிகளைத் தள்ளிவைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். அதனால் முன்மூடியின் நடுவே ஒரு நீண்ட பட்டை வந்தது. முன்பே செய்துவிட்ட பம்பர்களை நடுவே அறுத்து, இடையில் ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். திருத்தத்தின் தழும்பு வண்டியின் நடுமுகத்திலேயே, எவரும் காணும்படி நின்றது. அத்தழும்போடுதான் அவ்வண்டி உலகெங்கும் நேசிக்கப்பட்டது. பிழையைத் திருத்தியதன் அடையாளம் இழிவன்று என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

முடிவு

உரிமையாளர் அன்று விடை கூறாமல் வீடு சென்றார். ஞாயிற்றுக்கிழமை வாங்குபவரோடு பட்டறைக்கே வந்தார். வண்டியின் வலக்கண்ணில் வளையம் இல்லை. அது மட்காட்டின்மீது, மடித்த துணியொன்றில் துலக்கப்பட்டுக் கிடந்தது. “உள்ளே பாருங்கள், பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்” என்றார் உரிமையாளர். வந்தவர் குனிந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். விலை குறைந்தது. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் மகளின் கட்டணத்துக்காக அவர் வேறிடத்தில் தேடவேண்டியிருக்கும். வாய்மை இழப்பின்றி வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. வாங்கியவரோ, வண்டியை எடுத்துச் செல்லுமுன் விளக்கைச் செம்மைப்படுத்தித் தருமாறு முதியவரிடமே ஒப்படைத்தார்.

வேலை முடிந்த மாலையில் இளைஞன் வளையத்தை எடுத்தான். மேற்பகுதியை முதலில் நாக்கில் மாட்டி, அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்தினான். மெல்லிய ஓசையோடு அது இருக்கையில் அமர்ந்தது. முன்னைப் போலவே அது உள்ளே இருப்பதை மறைத்தது. ஆனால், இப்பொழுது மறைத்து வைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. விளக்கை ஏற்றிப் பட்டறைச் சுவரில் ஒளியைப் பார்த்தார்கள். அது தாழ்ந்து, சாலையின் இடப்புறத்தை நோக்கி, எதிரே வருவோருக்கு வழிவிட்டு நின்றது. தன் வழியைக் காண்பதற்கும் பிறர் கண்ணைக் கூசவையாதிருப்பதற்கும் ஒருங்கே உதவும் ஒளியே நல்லொளி. அதனைப் பெற விரும்புவோர், மினுக்கும் வளையத்தை ஒருமுறையேனும் தம் கையால் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும்.